‘எரியுது’ என்ற சொல் எந்தத் தாளிலும் இல்லை: அறுவைக்குப் பின்னான நாள்பட்ட வலி, ஒரு நிகழ்வு ஆய்வு

அதிகாலை இரண்டரை மணி. கொள்ளுப்பிட்டியில் எங்கள் அலுவலகம். நியூயோர்க்கில் அப்போது மாலை ஐந்து, அங்கே வேலை முடிகிற நேரம். அமெரிக்க வைத்தியசாலைகளின் நோயாளர் குறிப்புகளைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீடுகளை இடுவது என் தொழில். மெடிக்கல் கோடர் என்பார்கள். பில்லிங் பகுதியிலிருந்து கோடிங்குக்கு மாறி வந்த நான்கு பேருக்கு அன்றிரவு வலிக்குரிய ஜி89 குறியீடுகளைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அறுவைக்குப் பின்னான வலி என்ற பகுதிக்கு வந்ததும் ஒரு பிள்ளை கையை உயர்த்தினாள்.

“அக்கா, ஒபரேஷன் முடிஞ்சு ஒரு வருஷமாகியும் வலிச்சா அதுக்குத் தனியா ஒரு கோட் இருக்கா?”

“இருக்கு. ஜி89.28.”

“அப்போ அது ஒரு வருத்தம்தானா? எங்க அப்பாவுக்கு அதுதான். போற இடமெல்லாம் ஒண்ணும் இல்லைன்னு சொல்றாங்க.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனையில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அங்கே நான் பார்த்ததையும், பிறகு செய்ததையும் அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன், வைத்தியசாலைகளின் பெயரைச் சொல்லவில்லை. காலத்தை மட்டும் அறுவை நடந்த நாளிலிருந்து மாதக் கணக்கில் தருகிறேன். இந்த விஷயத்தில் மாதக் கணக்குத்தான் எல்லாம்.

நோயாளர்

ஐம்பதைக் கடந்தவர். புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் முப்பது வருடமாக நாட்டாமி வேலை. 50 கிலோ அரிசி மூட்டையைத் தோளில் ஏற்றி, லொறிக்கும் கடைக்கும் இடையில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை நடப்பார் என்று அவரே எண்ணியதில்லை. வலது தொடையிடுக்கில் குடலிறக்கம் வந்தது. அரசாங்க வைத்தியசாலையில் மெஷ் என்ற செயற்கை வலையை வைத்து அறுவை செய்தார்கள். காயம் நன்றாக ஆறியது. சீழ் இல்லை, காய்ச்சல் இல்லை. எல்லாத் தாள்களும் இதைச் சரியாகச் சொல்கின்றன.

வலி மட்டும் போகவில்லை.

அவருடைய மனைவி, நான் அன்ரி என்று கூப்பிடுகிறவர், ஒரு பொலித்தீன் பையைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்தார். வார்டிலிருந்து வெளியேறும்போது நோயை எழுதித் தருகிற டயக்னோசிஸ் காட் இரண்டு, கிளினிக் கொப்பி ஒன்று, ஸ்கேன் ரிப்போர்ட் ஒன்று, தனியார் வைத்தியசாலை ரசீதுகள், காப்புறுதி நிறுவனம் அனுப்பிய கடிதம் ஒன்று. அவற்றைத் திகதி வரிசையில் அடுக்கவே அரை மணித்தியாலம் போனது. கோடர் என்பவர் நோயாளியைப் பார்ப்பதில்லை, தாளைத்தான் பார்க்கிறார். அதனால் முதலில் அங்கிளோடு பேசாமல் தாள்களை மட்டும் படிப்போம் என்று தீர்மானித்தேன். என் மேசைக்கு இது ஒரு சார்ட்டாக, அதாவது நோயாளர் கோப்பாக, வந்திருந்தால் எனக்கு என்ன தெரிந்திருக்கும்?

தாள்கள் சொன்னது

முதல் டயக்னோசிஸ் காட்: வலது பக்கக் குடலிறக்கம், மெஷ் அறுவை. உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-10 என்ற நோய் வகைப்பாட்டில் கே40.9. குறை சொல்ல எதுவும் இல்லை.

கிளினிக் கொப்பி, நான்காம் மாதம்: அறுவை செய்த இடத்தில் வலி, பயப்பட ஒன்றுமில்லை என்று கூறப்பட்டது, டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணி. ஐந்தாம் மாதம், ஏழாம் மாதம், எட்டாம் மாதம்: அதே மருந்து தொடரவும். ஒவ்வொரு பதிவும் ஒரு வரி. எப்போது தொடங்கியது, எப்படிப்பட்ட வலி, எங்கே பரவுகிறது, எதைச் செய்ய முடியவில்லை, எதுவும் இல்லை. வரிசையில் நூறு பேர் நிற்கிற கிளினிக்கில் ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடம் என்பது எனக்குத் தெரியும். எழுதிய கைகளில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த ஒரு வரியின் விலையை யார் கொடுத்தார்கள் என்று சொல்லாமல் விட முடியாது.

ஒன்பதாம் மாதம், இரண்டாவது டயக்னோசிஸ் காட். ஒரு இரவு வலி தாங்காமல் வைத்தியசாலைக்கு ஓடியிருக்கிறார்கள். இரண்டு நாள் வார்டில் வைத்திருந்து அனுப்பினார்கள். காட்டில் ஒரே வரி: வலது பக்கக் குடலிறக்கம் மீண்டும் வந்திருக்கலாம், பக்கத்தில் கேள்விக்குறி. வெளியே ஸ்கேன் செய்துகொண்டு கிளினிக்குக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஸ்கேன் செய்தார்கள். குடலிறக்கம் மீண்டும் வரவில்லை, மெஷ் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது என்று தெளிவாக எழுதியிருக்கிறது. அந்த ரிப்போர்ட் கிளினிக்கில் காட்டப்பட்டது, “நோர்மல்” என்று சொல்லப்பட்டது, பொலித்தீன் பைக்குத் திரும்பியது. வார்டின் பி.எச்.டி.யில், அதாவது கட்டில் தலைமாட்டில் தொங்குகிற அந்தப் பதிவேட்டில், அது ஏறவே இல்லை.

இங்கேதான் எனக்குள் இருந்த கோடர் நிமிர்ந்து உட்கார்ந்தாள். உள்நோயாளர் வெளியேறும்போது உறுதியான நோய் தெரியாமல் “இருக்கலாம்”, “சந்தேகம்” என்று மட்டும் எழுதியிருந்தால், மேலதிகத் தகவல் கிடைக்காதபோது சந்தேகப்பட்ட நோயையே உறுதியானதுபோல் குறியிட வேண்டும் என்பது ஐ.சி.டி.-10 கைநூலின் விதி. ஆகவே ரெக்கோர்ட் ரூமில் இருந்தவர் விதியை அறிந்தவராக இருந்தால் மறுபடியும் கே40.9 தான் இட்டிருப்பார். அவர்மேல் பிழை சொல்ல இடமில்லை. இலங்கையில் அரச வைத்தியசாலைகளின் உள்நோயாளர் விவரங்கள் ஐ.எம்.எம்.ஆர். என்ற அறிக்கையாகச் சுகாதார அமைச்சின் மருத்துவப் புள்ளிவிவரப் பிரிவுக்குப் போகின்றன. அந்த அறிக்கையில் இவர் இரண்டு தடவை குடலிறக்கத்துக்காக வார்டில் இருந்த மனிதர். கிளினிக்குக்குப் போன நாட்கள் அதில் வராது, ஏனென்றால் அது வார்டில் தங்கியவர்களின் கணக்கு. இவரை மாதக்கணக்காக வாட்டிய வலி எங்கும் எண்ணப்படவில்லை. இல்லாத குடலிறக்கம் ஒன்று எண்ணப்பட்டிருக்கிறது.

நாள்பட்ட வலி கிளினிக்கிலும், ஓ.பி.டி. என்ற வெளிநோயாளர் பிரிவிலும் வாழ்கிற வருத்தம். வார்டுக்கு வருவது அபூர்வம். வார்டுக் கணக்கை வைத்து நாட்டின் நோய்ச் சுமையைப் பார்ப்பவர்களின் கண்ணில் இது படாமல் போவதற்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை.

பன்னிரண்டாம் மாதம் மகள் அழுது பிடிவாதம் பிடித்து, வலிச் சிகிச்சை செய்கிற மயக்கமருந்து நிபுணர் ஒருவரைச் சேனல் பண்ணியிருக்கிறாள், அதாவது தனியாரிடம் பணம் கட்டி நேரம் எடுத்திருக்கிறாள். அவர் நரம்பைச் சுற்றி ஊசி போட்டார், நேர்வ் பிளாக். மூன்று கிழமை நன்றாக இருந்தது. ரசீதில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: வலது தொடையிடுக்கு வலி, பிளாக். எங்கள் அலுவலகக் கூட்டுக் காப்புறுதியில் பெற்றோருக்கும் இடம் உண்டு. விண்ணப்பித்தாள். பதில் கடிதம் வந்தது: சமர்ப்பித்த டயக்னோசிஸ் காட்டில் உள்ள நோய்க்கும் செய்யப்பட்ட சிகிச்சைக்கும் தொடர்பு காட்டும் ஆவணம் இல்லை.

கடிதத்தைப் படித்தபோது எனக்குக் கசப்பாக இருந்தது, ஆனால் அது பொய் இல்லை. குடலிறக்கத்துக்கு யாராவது நரம்பில் ஊசி போடுவார்களா?

சொற்கள்

அப்புறம்தான் அங்கிளோடு பேசினேன். பேசினேன் என்பதைவிட, அவர் ஜன்னல் பக்கம் திரும்பி இருந்தார், அன்ரி பேசினார் என்பது சரி. உடம்பில் அந்த இடம் அப்படி. ஒரு பெண் பிள்ளைக்கு முன்னால், அதுவும் மகளோடு வேலை செய்கிறவளுக்கு முன்னால், எப்படிச் சொல்வார்?

“வலின்னு சொன்னா வலி இல்ல மிஸ். எரியுது. மிளகாய் அரைச்சுப் பூசின மாதிரி. தையல் போட்ட இடத்துல தொடங்கி உள்தொடை வரைக்கும் இறங்குது. குனிஞ்சு நிமிர்ந்தா சுரீர்னு கரண்ட் அடிக்குது. தொடையில ஒரு உள்ளங்கை அளவுக்கு மரத்துப் போயிருக்கு, கிள்ளினாலும் தெரியாது. ஆனா சாரம் முட்டினா துடிச்சுப் போறார். முடிச்சைப் பாருங்க, இடப்பக்கமா ஏத்திக் கட்டியிருக்கார். ராத்திரி மூணு மணித்தியாலம் தூங்கினா பெரிய விஷயம்.”

நான் எழுதிக்கொண்டே இருந்தேன். எரிவு, மின் அதிர்ச்சி, மரத்துப்போதல், துணி பட்டால் வலி. இவை நான்கும் நரம்பு பாதிக்கப்பட்டால் வருகிற வலியின் பாடநூல் அடையாளங்கள். குடலிறக்க அறுவை நடக்கிற இடத்தில் இலியோஇங்குவினல், இலியோஹைப்போகாஸ்ட்ரிக், ஜெனிட்டோஃபெமரல் என்று மூன்று நரம்புகள் ஓடுகின்றன. அவற்றில் ஒன்று நசிந்தாலோ, வெட்டுப்பட்டாலோ, தழும்பிலோ மெஷ்ஷிலோ சிக்கினாலோ இப்படி ஆகலாம். திறமையான கைகள் செய்த அறுவையிலும் இது நடக்கும். இந்த அறுவை செய்துகொள்பவர்களில் ஏறத்தாழ 10 சதவீதத்தினருக்கு, அன்றாட வேலையைப் பாதிக்கிற அளவுக்கு வலி மூன்று மாதம் தாண்டியும் நீடிக்கிறது என்று குடலிறக்க அறுவைக்கான சர்வதேச வழிகாட்டுதல்களே சொல்கின்றன. அபூர்வமான விஷயமே இல்லை.

“அங்கிள், இதையெல்லாம் கிளினிக்கில சொன்னீங்களா?”

வெகுநேரம் கழித்து வாயைத் திறந்தார். “ரிதெனவான்னு சொன்னேன்.”

அவருக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. புறக்கோட்டையில் முப்பது வருடம் பேரம் பேசியவர், சண்டை போட்டவர், கூலி வாங்கியவர். எரிவுக்குத் ‘தெவில்ல’ என்பதும், மரத்துப்போவதற்கு ‘ஹிரிவெட்டெனவா’ என்பதும் அவருக்குத் தெரியும். மொழி தெரியாமல் போன சொற்கள் அல்ல இவை. சுற்றிலும் மாணவ வைத்தியர்கள் நிற்க, திரைக்குப் பின்னால் சாரத்தை விலக்கிக்கொண்டு படுத்திருக்கிற ஒரு மனிதரின் வாயில் மிஞ்சிய ஒரே சொல் ‘நோகுது’. அதைக் கேட்டவர் ஆங்கிலத்தில் வலி என்று எழுதினார்.

என் அம்மாவின் யாழ்ப்பாணத் தமிழில் உளைவு வேறு, குத்து வேறு, குடைச்சல் வேறு, விறைப்பு வேறு, எரிவு வேறு. முழங்கால் உளைகிறது என்றால் அவருக்கு ஒரு எண்ணெய், விறைக்கிறது என்றால் வேறு பக்குவம். கொட்டாஞ்சேனையில் அன்ரியின் தமிழிலும் கடுக்குது, இழுக்குது, சுருக்குன்னு குத்துது என்று எத்தனை சொற்கள்! நரம்பு வலியைக் கண்டுபிடிக்க வைத்தியர்கள் பயன்படுத்துகிற டி.என்.4 என்ற வினாக்கொத்து இந்த வித்தியாசங்களைத்தான் கேட்கிறது. பத்து அம்சங்கள். எரிவு, வேதனை தரும் குளிர், மின் அதிர்ச்சி, கூச்சம், ஊசி குத்துவது போன்ற உணர்வு, மரத்துப்போதல், அரிப்பு என ஏழு உணர்வுகளைக் கேட்பார்கள். தொடுகை குறைந்திருக்கிறதா, ஊசிமுனை தெரிகிறதா, தூரிகையால் வருடினால் வலிக்கிறதா என மூன்றைத் தொட்டுப் பார்ப்பார்கள். நான்கோ அதற்கு மேலோ இருந்தால் நரம்பு வலிக்கு வாய்ப்பு அதிகம். எங்கள் வீட்டுச் சமையலறையில் புழங்கும் சொற்கள் அப்படியே நோய் நிதானத்துக்கான சொற்கள். அவை வைத்தியர் மேசை வரை போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

போய்ச் சேராததால் நடந்தது என்ன? சாதாரண வலிநிவாரணி நரம்பு வலிக்குப் பெரிதாகக் கேட்காது. மாதக்கணக்கில் டைக்ளோஃபெனாக் விழுங்கினார். அது வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கக்கூடிய மருந்து.

ஒரே மனிதர், நான்கு குறியீடுகள்

இந்தப் பகுதி என் தொழிலில் இருப்பவர்களுக்காக. மற்றவர்களும் படிக்கலாம், கடினமில்லை.

இதே ஆள் அமெரிக்காவில் இருந்து, இவருடைய சார்ட் என் மேசைக்கு வந்ததாக வைத்துக்கொள்வோம். அங்கே 2015 அக்டோபர் 1 முதல் ஐ.சி.டி.-10-சி.எம். பாவனையில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-10ஐ அங்குள்ள தேவைக்கு விரித்த பதிப்பு அது. ஜி89 என்ற வலிப் பிரிவு அந்தப் பதிப்பில்தான் உண்டு.

வைத்தியர் “வலது தொடையிடுக்கு வலி” என்று மட்டும் எழுதினால் நான் இடக்கூடியது ஆர்10.31. அது அடிவயிற்றின் வலப்பக்க வலிக்குரிய வெறும் அறிகுறிக் குறியீடு. “அறுவைக்குப் பின்னான வலி” என்று எழுதினால் ஜி89.18, அதாவது புதிதாக வந்த கடும் வலி. பதின்மூன்று மாத வலி எப்படிப் புதிய வலியாகும் என்று கேட்கலாம். விதி அப்படித்தான்: நாள்பட்டது என்று வைத்தியர் சொல்லாவிட்டால் அறுவைக்குப் பின்னான வலியைப் புதியதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். மாதங்களை எண்ணிப் பார்த்து நானாக “நாள்பட்டது” என்று முடிவெடுக்க எனக்கு அனுமதி இல்லை. எத்தனை மாதமானால் நாள்பட்டது என்ற எல்லையும் அந்த வழிகாட்டுதலில் கிடையாது, வைத்தியரின் எழுத்துத்தான் எல்லை. அவர் “அறுவைக்குப் பின்னான நாள்பட்ட வலி” என்று எழுதிவிட்டால் ஜி89.28. “மெஷ் காரணமாக வந்த வலி” என்று எழுதினால் டி85.848 முதலில் வரும், ஜி89.28 பின்னால் சேரும், கதையே வேறு.

இதற்குப் பக்கத்தில் ஜி89.4 என்று ஒன்று இருக்கிறது, நாள்பட்ட வலிக் கூட்டறிகுறி. நாள்பட்ட வலியும் இதுவும் ஒன்றென்று நினைத்துப் புதியவர்கள் இட்டுவிடுவார்கள். வைத்தியர் அந்தப் பெயரையே எழுதியிருந்தால் ஒழிய அதைத் தொடக்கூடாது. எந்த வரிசையில் இடுவது என்பதிலும் கவனம் தேவை. நோயாளி வந்தது வலியைக் கட்டுப்படுத்துவதற்கு, இங்கே நடந்ததுபோல் நரம்பில் ஊசி போடுவதற்கு என்றால் ஜி89 முதலில் நிற்கும். அடிப்படை நோய்க்கே சிகிச்சை நடக்கிறதென்றால் அந்த நோயின் குறியீடு போதும், ஜி89 தேவைப்படாது.

இனி இலங்கைக்கு வருவோம். நாம் பாவிக்கிற ஐ.சி.டி.-10இல் இந்த வலியை நிறுத்த இருக்கிற இடம் ஆர்52.2, ‘ஏனைய நாள்பட்ட வலி’. அறுவை என்றோ நரம்பு என்றோ அதில் ஒரு சுவடும் இல்லை. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஐ.சி.டி.-11 இதைத் திருத்தியிருக்கிறது. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற அல்லது திரும்பத் திரும்ப வருகிற வலிக்கு எம்ஜி30 என்று ஒரு தனிக் குடும்பம். அதில் அறுவைக்குப் பின்னான நாள்பட்ட வலி எம்ஜி30.21, நரம்பு சார்ந்த நாள்பட்ட வலி எம்ஜி30.5. வலியின் கடுமை, அது தருகிற மனவேதனை, அன்றாட வாழ்வில் அதன் தடங்கல் ஆகிய மூன்றையும் பக்கத்தில் சேர்த்துக் குறிக்க இடம் வைத்திருக்கிறார்கள். முதன்முதலில் அதைப் படித்தபோது எனக்கு மனம் நிறைந்தது. சாரத்தை இடப்பக்கம் ஏற்றிக் கட்டுகிற மனிதருக்கு ஒரு வகைப்பாட்டில் இடம் கிடைத்திருக்கிறது.

என்ன செய்தோம்

அமெரிக்க சார்ட்டில் சந்தேகம் வந்தால் நாங்கள் வைத்தியருக்குக் குவெரி, அதாவது விளக்கம் கேட்கும் கேள்வி, அனுப்புவோம். அதற்கு ஒரு ஒழுக்கம் உண்டு: பதிலை அவர் வாயில் திணிக்கக்கூடாது. “இது நாள்பட்ட வலி என்று எழுதுங்கள்” என்று கேட்க முடியாது. சார்ட்டில் இருப்பதை எடுத்துக்காட்டி, உங்கள் மருத்துவ அபிப்பிராயம் என்ன என்று கேட்கலாம். கொட்டாஞ்சேனை வீட்டு மேசையிலும் அதே ஒழுக்கத்தோடு ஒரு பக்கம் எழுத உட்கார்ந்தோம்.

அன்ரிக்கு அது பிடிக்கவில்லை. “நரம்பை வெட்டிப்புட்டாங்கன்னு எழுதுங்க மிஸ்.”

“எங்களுக்கு அது தெரியாது அன்ரி. உங்களுக்குத் தெரிஞ்சதை மட்டும் எழுதுவம். என்ன பேர் வைக்கிறது எண்டதை டொக்டர் சொல்லட்டும்.”

அவருடைய கோபம் நியாயமானது. ஆனால் அந்த வசனம் தாளில் இருந்தால் படிக்கிற வைத்தியர் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பார்ப்பார். அதோடு, நிரூபிக்க முடியாத ஒன்றை ஆவணத்தில் ஏற்றுவது என் தொழில் அனுமதிக்காத காரியம்.

பக்கத்தில் வந்தவை: அறுவை நடந்த திகதி. அதற்கு முன் இந்த இடத்தில் எரிவோ மரப்போ இருக்கவில்லை. அறுவை முடிந்த முதல் கிழமையே தொடங்கியது, ஒரு நாளும் முழுதாக நிற்கவில்லை. இடம், பரவும் வழி, வலப்பக்கம். ‘எரியுது’, ‘கரண்ட் அடிக்குது’, ‘மரத்துப் போச்சு’, ‘சாரம் முட்டினா தாங்க முடியாது’ என்று அவர் வாய்ச் சொற்கள் தமிழிலும் அவற்றின் பொருள் ஆங்கிலத்திலும். எடுத்த மருந்துகள், எத்தனை நாள், கேட்டதா இல்லையா. ஸ்கேன் முடிவு, பிரதியோடு. நேர்வ் பிளாக்குக்குப் பின் மூன்று கிழமை நிவாரணம்.

பத்துக்கு எத்தனை வலி என்ற கேள்விக்கு அங்கிளால் பதில் சொல்ல முடியவில்லை. எட்டு என்றார், பிறகு ஐந்து என்றார், பிறகு அதெல்லாம் தெரியாது என்றார். “மூட்டையில சொல்லுங்கப்பா” என்றாள் மகள். உடனே சொன்னார்: “முந்தி அம்பது கிலோ. இப்போ பத்துக் கிலோ வெங்காயப் பையைத் தூக்கினா அன்னைக்கு ராத்திரி தூக்கம் இல்ல.” அதை அப்படியே எழுதினோம். ஐ.சி.டி.-11 கேட்கிற ‘தடங்கல்’ இதைவிடத் துல்லியமாக எப்படி வரும்?

பதின்மூன்றாம் மாதம், கிளினிக். மகளும் கூடப் போனாள். அன்று இருந்தவர் ஒரு பெண் வைத்தியர், சிங்களவர். தாளை வாங்கினார். எழுந்து போய்த் திரையை இழுத்து மூடினார், மாணவர்களை வெளியே நிற்கச் சொன்னார். பஞ்சால் வருடிப் பார்த்தார், ஊசிமுனையால் தொட்டுப் பார்த்தார். டி.என்.4இல் ஆறு புள்ளி வந்தது. கிளினிக் கொப்பியில் அரைப் பக்கம் எழுதி, தனியாக ஒரு கடிதமும் கொடுத்தார். வலது குடலிறக்க மெஷ் அறுவைக்குப் பின்னான நாள்பட்ட வலி, பதின்மூன்று மாதம், நரம்பு சார்ந்த தன்மை, ஸ்கேனில் குடலிறக்கம் மீண்டும் வந்ததற்கு அறிகுறி இல்லை, தொற்று இல்லை, பாரம் தூக்கும் தொழிலைச் செய்ய முடியாத நிலை, நேர்வ் பிளாக் மருத்துவ ரீதியில் பொருத்தமானது. மெஷ் இதற்குக் காரணமா என்று மகள் கேட்டிருக்கிறாள். இப்போது அப்படிச் சொல்ல முடியாது என்று சொல்லி, அதையும் அப்படியே எழுதினார். தெரியாததைத் தெரியாது என்று எழுதுகிற கை மேல் எனக்கு மிகுந்த மரியாதை.

டைக்ளோஃபெனாக் நின்றது. நரம்பு வலிக்குக் கொடுக்கிற கபபென்டின் தொடங்கியது, இரவில் குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின். வலிக் கிளினிக்குக்கும் கடிதம் கொடுத்தார்.

அதற்குப் பிறகு

காப்புறுதிக்கு மறுபடி விண்ணப்பித்தோம். பழைய டயக்னோசிஸ் காட்டோடு புதிய கடிதம், ஸ்கேன் ரிப்போர்ட், கிளினிக் கொப்பிப் பிரதி. சேனலிங் கட்டணம் போக மீதிப் பணம் வந்தது. சிகிச்சையில் எதுவும் மாறியிருக்கவில்லை, அதே ஊசி, அதே ரசீது. நோயின் பெயர் மட்டும் எழுதப்பட்டிருந்தது.

ஒன்பதாம் மாதத்து டயக்னோசிஸ் காட்டைத் திருத்த முடியுமா என்று கேட்டுப் பார்த்தோம். ரெக்கோர்ட் ரூமில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டார். அந்தக் காலாண்டு அறிக்கை போய்விட்டது என்றார். ஸ்கேன் பிரதியை வாங்கி பி.எச்.டி.யோடு சேர்த்துக் கட்டினார், அவரால் முடிந்தது அது. கேள்விக்குறி போட்ட ஒரு வரி இன்னும் குடலிறக்கமாகவே கணக்கில் நிற்கிறது. வெளியேற்றும்போது “வலது தொடையிடுக்கு வலி, அறுவைக்கு ஒன்பது மாதம் பின், காரணம் ஆராயப்படுகிறது” என்று எழுதியிருந்தாலே ஒரு அறிகுறிக் குறியீடாவது கிடைத்திருக்கும். பத்துச் சொல் கூட இல்லை.

வார்டிலோ கிளினிக்கிலோ வேலை செய்கிற யாராவது இதைப் படித்தால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ‘வலி’ என்று எழுதியபின் பேனாவை எடுக்கவேண்டாம். எத்தனை மாதம், எந்தப் பக்கம், எதற்குப் பின், எரிகிறதா உளைகிறதா, எதைச் செய்ய விடவில்லை. முழுதும் எழுத அரை நிமிடம். நோயாளியின் சொந்தக்காரராக இருந்து படித்தால், வீட்டில் அவர் முனகுகிற சொல்லை அப்படியே ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வையுங்கள். மனைவிக்குத் தெரிந்தது வைத்தியருக்குத் தெரியாமல் போன ஒரு வருடத்தை நான் இந்த வீட்டில் பார்த்தேன்.

இப்போது பதினாறாம் மாதம். வலி போய்விடவில்லை. இரண்டாவது பிளாக் போட்டாகிவிட்டது, முதலாவதைவிட நீண்ட நாள் தாங்கியது. மூன்று மணித்தியாலத் தூக்கம் ஐந்தாகியிருக்கிறது. முதலாளி நல்லவர், மூட்டை எண்ணித் துண்டு எழுதுகிற வேலையை அவருக்குக் கொடுத்திருக்கிறார். கூலி குறைவு. போன கிழமை நான்காம் குறுக்குத் தெருப் பக்கம் போனபோது பார்த்தேன். கடை வாசலில் ஸ்டூலில் இருந்து துண்டு எழுதிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்று, கைகாட்டிக் கூப்பிட்டு, பிளேன்ரீ குடிக்காமல் போகவிடவில்லை. சாரத்து முடிச்சு இன்னும் இடப்பக்கம்தான்.